மோட்டாரை நிறுத்த மறந்தவள்

எனக்கு மறதி என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் உடனே, "அட, எனக்குந்தான் மறந்து போவுது" என்பார். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊரில் பாதிப்பேர் அப்படிச் சொன்ன பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. வைத்த பொருளைத் தேடுவதும், தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்பதும் என் மறதி அல்ல. நடந்தது எதையும் நான் மறக்கவில்லை. என் கல்யாணத்தன்று யார் யாரோடு சண்டை போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். எனக்கு மறப்பது இனிமேல் செய்ய வேண்டியது. அது தனி ஞாபகமாம். அதைத் தனியாகச் சோதிக்கவும் முடியுமாம். இதை நான் தெரிந்துகொள்வதற்குள் ஊர் மோட்டார் எரிந்தது, என் மகள் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள். இப்படி மறக்க வைக்கும் நோய் உள்ளவர் வீட்டில் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் அலமேலு. ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே பிரிகிற பாதையில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ஏழுமலை, எனக்கு மாமன் மகன்; மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கொஞ்சம் நிலத்தில் சாமை, வரப்பில் புளியமரங்கள். மகள் செல்வி செங்கத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஊராட்சியில் எனக்கு டேங்க் ஆபரேட்டர் வேலை. ஓடையோரக் கிணற்றில் மோட்டார் போட்டு, மேட்டில் இருக்கும் தொட்டியை நிரப்பி, முதலில் மேல் தெருவுக்கும் பிறகு கீழ்த் தெருவுக்கும் வால்வு திறந்துவிட வேண்டும். கேட்டால் சின்ன வேலை. ஆனால் ஊரில் முதல் அடுப்பு எரிவது என் கையில் இருந்தது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைக்க மாட்டேன்.

முதலில் வந்தது கண். வலது கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது. சிவப்புப் புடவை வெளுத்துத் தெரிந்தது. கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. சொட்டு மருந்து போட்டேன், சில வாரங்களில் தானாகச் சரியானது. விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் கால். வெறுங்காலில் நடந்தாலும் சாக்கைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது. ஒரு நாள் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது கழுத்திலிருந்து குதிகால் வரை கரண்ட் ஓடியது. மோட்டார் அறையில் ஷாக் வாங்கிப் பழகியவள் நான். கரண்டே இல்லாத இடத்தில் ஷாக் அடித்தபோதுதான் பயந்தேன்.

காலை பஸ்ஸில் மாமா என்னை அழைத்துக்கொண்டு மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனார். மலையில் இருந்த குளிர் போய் வெயில் ஏற ஏற என் கால்கள் துணி மாதிரி ஆயின. சந்தவாசலில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்கார அம்மா பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு என்னைப் படுக்க வைத்தார். "வெயில் ஆவாதா இந்தப் பொண்ணுக்கு?" என்று மாமாவைக் கேட்டார். அவர் டாக்டர் ஒன்றும் இல்லை. ஆனாலும் பிறகு டாக்டர் சொன்னதும் அதுதான்: இந்த நோயில் உடம்பு சூடானால் நரம்பின் ஓட்டம் இன்னும் மந்தமாகிவிடும்.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. பெரிய ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் கையில் டோக்கனை வைத்துக்கொண்டு சுவரில் மாறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எவ்வளவு பயமாக இருந்ததோ, அதைவிட மாமாவுக்கு அதிகம். ஆனால் அவர் பயத்தை எல்லாம் என் சாப்பாட்டில் காட்டினார். இட்லி வாங்குவார், பழம் வாங்குவார், நான் சாப்பிடாவிட்டால் தானும் சாப்பிட மாட்டார். கடைசியில் அவருக்காக நான் சாப்பிட வேண்டியதாயிற்று.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குழாய்க்குள் படுக்கவைத்து அசையாதே என்றார்கள். பழைய டீசல் எஞ்சினைக் காதருகே ஓட்டுகிற சத்தம். பிறகு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகை வளைத்து, முழங்காலை வயிற்றோடு அணைத்துப் படுக்கச் சொன்னார்கள். முதுகெலும்பில் ஊசி போட்டால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று ஊரில் கேட்டிருந்ததால் உடம்பு உதறியது. ஒரு நர்ஸ் என் முழங்கால்களைத் தன் கைகளால் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊர்ல தேன் கெடைக்குமாமே, எனக்கு ஒரு பாட்டில் வேணும்" என்று பேரம் பேச ஆரம்பித்தார். நான் விலை சொல்லி முடிப்பதற்குள் ஊசி வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தலைவலிதான் பெரிய தொல்லை. படுத்தே கிடந்தால் குறைந்தது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்னார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, பிறகுதான் விளக்கினார்.

"வயர் மேல பிளாஸ்டிக் தோல் இருக்குல்ல? நரம்புக்கும் அப்படி ஒரு தோல் இருக்கு. கிருமியை அடிக்க வேண்டிய உடம்போட காவல், தப்பா அந்தத் தோலையே அரிச்சுடுது. தோல் போன எடத்துல கரண்ட் ஒழுங்காப் போகாது. கண்ணுக்குப் போற வயர்ல அரிச்சா கண்ணு. காலுக்குப் போற வயர்ல அரிச்சா காலு."

"மாத்திரை போட்டா பூடுமாங்க?" என்றார் மாமா.

"முழுசாப் போகாது. ஆனா அடிக்கடி வராம தடுக்க மருந்து இருக்கு. இவங்க நடப்பாங்க, வேலை செய்வாங்க."

மாமா தலையாட்டினார். வெளியே வந்து சுவரோரம் நின்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். "வயர்ன்னு சொன்னா புரியுது" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் ஸ்டீராய்டு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். தூக்கம் போய்விட்டது, பசி மட்டும் பேய்ப் பசி. மாமாவின் அக்கா காசியம்மா அண்ணி சாமைச் சோற்றையும் கொள்ளுக் குழம்பையும் தூக்குப்போசியில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து வந்து இறங்கினார். வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டோம் என்ற காவலாளியிடம், "இது சாப்பாடு இல்லப்பா, மருந்து. எங்க மலை மருந்து" என்று சாதித்து உள்ளே வந்துவிட்டார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. செலவில் பாதியை அரசுக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. மீதிக்கு மாமா அந்த வருஷத்துப் புளியைக் காய்க்கும் முன்பே வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார். அதை எனக்கு அவர் சொல்லவில்லை. மரத்தில் வேற்று ஆட்கள் ஏறி உலுக்கியபோதுதான் தெரிந்தது.

கால் தேறியது. ஊசி மருந்து தொடர்ந்தது. நான் மறுபடி மோட்டார் சாவியைக் கையில் வாங்கினேன். நோய் முடிந்தது என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன்.

அப்புறம்தான் மறதி. மோட்டார் போட்டுவிட்டு வருவேன், தொட்டி வழிந்து மேட்டில் ஆறாக ஓடும். வால்வு மாற்ற மறப்பேன், கீழ்த் தெருவில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். போனில் அலாரம் வை என்றார்கள், வைத்தேன். அலாரம் அடிக்கும், நிறுத்துவேன், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். வழியில் யாராவது, "இன்னா அலமேலு, செல்வி வந்தாளா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடித்ததும் நான் எதற்கு வெளியே வந்தேன் என்பது போயே போய்விடும். வந்ததற்கு நாலு சுள்ளி பொறுக்கிக்கொண்டு வீடு திரும்புவேன். ஊராட்சியில் தானாக நிற்கும் சுவிட்ச் ஒன்று வைத்தார்கள். மலையில் வருகிற கரண்டின் ஏற்ற இறக்கத்துக்கு அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

மாமா கவனித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அலாரமாக மாறினார். கழனியில் களை எடுத்துக்கொண்டிருப்பவர் பாதியில் ஓடி வருவார். "மோட்டார் ஆஃப் பண்ணிட்டியா?" சாப்பிட உட்கார்ந்தவர் வாயில் சோற்றோடு எழுவார். "வால்வு?" ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனால்கூட, கிளம்பும் முன் காசியம்மா அண்ணி வீட்டு வாசலில் நின்று, "மோட்டாரைப் பாத்துக்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வருஷா வருஷம் கூலிக்குக் கூர்க்கில் காப்பி பறிக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. "நான் இன்னா பச்சப் புள்ளயா?" என்று கத்துவேன். அவர் கழனிக்குத் திரும்பிப் போவார். அடுத்த நாள் மறுபடி ஓடி வருவார்.

ஒரு நாள் அவர் உறவுக்காரர் சாவுக்குப் போயிருந்தார். அண்ணிக்குக் காய்ச்சல். நான் மோட்டாரைப் போட்டுவிட்டுக் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். கிணறு வற்றும் வரை ஓடி, வற்றிய பிறகும் ஓடி, மோட்டாரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோனது. அது கீழே போய்ப் பழுது பார்த்து வரும் வரை பெண்கள் ஓடைக்கு நடந்தார்கள். யாரும் என்னை நேரில் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஓடைக்குப் போனால் பேச்சை நிறுத்தினார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

ஊராட்சித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தூரத்து அண்ணன் முறை. "வேலைய வுட்டுடுன்னு சொல்ல வர்லம்மா" என்றார். "ஆனா ஊருக்குத் தண்ணி வேணும். ஆஸ்பத்திரில கேட்டுட்டு வா. முடியும்னா நீயே பாரு. முடியாதுன்னா வேற ஆள வைக்கிறேன்."

அந்த வாரக் கடைசியில் செல்வியை அழைத்துவர நான் செங்கம் போக வேண்டும். போகவில்லை. போக முடியாமல் இல்லை, போகவே தோன்றவில்லை. அவள் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றே இருந்திருக்கிறாள். கடைசியில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார். "நீ கீழ விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன்மா" என்று என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது காலைப் பற்றி எதுவும் சொல்லாமல் இதைச் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கும் மறக்கிறது என்றும் சொல்லவில்லை. "இந்த நோய்ல இது வரும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஞாபகத்தைச் சோதிக்கும் உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

அவர் பெயர் அனிதா. இளம்பெண், பேச்சில் அவசரமே இல்லை. முதலில் ஒரு கதை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சில வார்த்தைகளை நினைவில் வைக்கச் சொன்னார். வைத்தேன். "இதுல நீங்க நல்லாவே பண்றீங்க" என்றார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஞாபகம் நன்றாக இருக்கிறது என்றால், அப்புறம் நான் சோம்பேறிதானா?

"இது நடந்ததை வெச்சிருக்கிற ஞாபகம். இப்ப வேற ஒண்ணு பாக்கலாம். பின்னாடி செய்யணும்னு நெனச்சு வெச்சதை, அந்த நேரம் வந்ததும் செய்றோமான்னு."

அவர் என்னிடம் சில வேலைகளைச் சொன்னார். படப் புதிர்களை நான் முடித்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்த வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஆறைத் தொடும்போது அவருடைய சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நினைவு வைக்க என்ன உபாயம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார். நான் முந்தானையில் முடிச்சுப் போட்டேன், வேலைக்கு ஒன்றாக. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அனிதா மேடம் அதைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டார்.

புதிர்கள் முடிந்தன. ஜன்னலைச் சாத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், தண்ணீர் கேட்டேன். ஒரே சந்தோஷம். வேறு புதிர்கள் கொடுத்தார், அவற்றில் மூழ்கிப்போனேன். பெரிய முள் ஆறைத் தாண்டி, பன்னிரண்டையும் தாண்டிவிட்டது. முந்தானை என் மடியிலேயே கிடந்தது, முடிச்சு அதிலேயே இருந்தது. நான் குனிந்து பார்க்கவே இல்லை.

"வேற ஏதாவது செய்யணும்னு சொல்லியிருந்தேனா?" என்று அவர் கேட்டார்.

"பெரிய முள்ளு ஆறுக்கு வந்தா ஒங்க சாவிய வாங்கணும்" என்றேன், ஒரு எழுத்து பிசகாமல். சொன்ன பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "பாத்தீங்களா? நான் சொன்னது அப்படியே உங்ககிட்ட இருக்கு. அந்த நேரத்துல உள்ளேருந்து ஒருத்தர் தட்டி எழுப்பணும்ல, அவர்தான் வரல. இது சோம்பல் இல்ல. அக்கறை இல்லாமயும் இல்ல."

மாமாவை உள்ளே கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

இன்னொரு சோதனையும் இருந்தது, அது வீட்டில் செய்ய வேண்டியது. ஊர் திரும்பிய மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பகல் உச்சிக்கு முன்பாக, நான் அனிதா மேடத்துக்குப் போன் செய்து அன்று என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். "யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது" என்று மாமாவைப் பார்த்து அழுத்திச் சொன்னார். மாமா தலையாட்டினார். அவர் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. தொட்டி மேட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால்தான் கிடைக்கும். மறுநாள் காலை சாமைக் கஞ்சி குடித்துவிட்டு நான் மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

"அக்கா, ஒன் போன்ல சார்ஜ் கீதா?"

"கீது. இன்னாத்துக்கு?"

"சும்மாதான் கேட்டேன்" என்று ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வேலியோரம் ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். "பாற மேல காத்து நல்லா வீசுதும்மா. போனா ஒடம்புக்கு நல்லது." அவர் என்னிடம் பேசியே வருஷக்கணக்காகிறது. பிறகு காசியம்மா அண்ணி வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பொறுமை இல்லாதவர். "காலைல இன்னா துன்ன?" என்றார்.

"கஞ்சி."

"அத யார்கிட்டயாவது சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா?"

துடைப்பத்தைக் கீழே போட்டேன். எல்லாம் விளங்கிவிட்டது. மாமா வாயே திறக்கவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய், "நேராச் சொல்லக் கூடாதாம், சாடையாச் சொல்லுங்க" என்று ஊரையே ஏற்பாடு செய்திருக்கிறார். பரீட்சையில் நான் தோற்றால் வேலை போய்விடும் என்று அவருக்குக் கவலை. ஓடையில் பேச்சை நிறுத்திய பெண்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, வந்த அழுகைக்கும் அளவில்லை.

பாறையில் ஏறிப் போன் செய்தேன்.

"சாமக் கஞ்சி குடிச்சேன் மேடம். ஆனா இந்தப் பரீட்சைய நான் எழுதல, எங்க ஊரு எழுதிச்சு."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. பிறகு சொன்னார்: "உங்க ஊர் உங்களை விடாதுன்னு தெரிஞ்சுது, அதுவும் எனக்கு வேணும். ஆனா உங்களால தனியா எவ்வளவு முடியும்னு தெரிஞ்சாத்தான் நான் உதவ முடியும். அடுத்த வாரம் இன்னொரு தடவை. இந்தத் தடவை உங்க ஊரை நீங்களே பூட்டி வைங்க."

நானே வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தலைவரிடமும் சொன்னேன். அந்த நாள் வந்தது. காலையில் கேழ்வரகுக் களி சாப்பிட்டோம். மாமா கையைக் கழுவிவிட்டு, விறகு வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனார். நான் துணி துவைத்தேன், கோழிக் கூட்டைச் சரி செய்தேன். பொழுது சாய மாமா திரும்பி வந்தார். கத்தி இருந்தது, விறகு இல்லை.

"வெறவு எங்க மாமா?" என்றேன்.

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். உதட்டோரம் கடித்துக் கன்றிப்போயிருந்தது. "இங்க இருந்தா வாய் தவறிச் சொல்லிடுவேன்னு காட்டுக்குப் பூட்டேன்" என்றார். "நாள் பூரா அங்கயே ஒக்காந்துனு இருந்தேன்."

அப்போதுதான் எனக்குப் போன் ஞாபகம் வந்தது. பரீட்சை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மூத்த பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறவர் மாதிரி ஒரு பெரிய மனிதர் காட்டில் பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எனக்காக அவர் எத்தனை வேலைகளைத் தன் தலைக்குள் சுமக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரண்டு பேருக்கான நாளை அவர் ஒருவரே நினைவு வைத்திருந்தார். அவர் இளைத்தது அதனால்தான். என் நோய் அவர் உடம்பில் பாதி இருந்தது.

அடுத்த முறை போனபோது அனிதா மேடம் முடிவைச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியதை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒன்று நடந்தோ காதில் ஒன்று விழுந்தோ என்னைச் செய்யச் சொன்னால் செய்துவிடுகிறேன். "உங்களால முடியாதுன்னு இல்ல. நேரத்தை நம்பாதீங்க. நடக்கிற ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்குங்க. அது நீங்க செஞ்சு முடிக்கிற வரைக்கும் ஓயாம இருக்கணும். அலாரம் உங்க கையிலயே நின்னுடுது, அதான் பிரச்சினை."

நானும் மாமாவும் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தோம். தொட்டி நிரம்பினால் வழிகிற குழாய் ஒன்று உண்டு. அதன் வாயில் மாமா இன்னொரு குழாயைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். கீழே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தார். தொட்டி நிரம்பியதும் தண்ணீர் தகரத்தில் விழும். அந்தச் சத்தம் எங்கள் களம் வரை கேட்கும். நான் போய் மோட்டாரை நிறுத்தினால்தான் அது ஓயும். வழியில் யார் கூப்பிட்டுப் பேசினாலும் சத்தம் கூடவே வந்துகொண்டிருக்கும். மேடம் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். மோட்டார் போடும்போதே கண்ணை மூடி, "தகரம் கேட்டதும் நான் எழுந்து நடந்துபோய்ச் சிவப்பு பட்டனை அமுக்குறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்படி நடப்பதை மனசில் பார்க்கவும் வேண்டும். முதலில் பைத்தியக்காரி மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது. கோடையில் கிணறு இறங்கிவிட்டால் தொட்டி நிரம்பாது, தகரமும் பேசாது. அந்த மாதங்களில் முறத்தையும் சாமையையும் எடுத்துக்கொண்டு மோட்டார் அறையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். செல்வியை அழைக்க வேண்டிய நாளில் அவள் பழைய பள்ளிப் பையை வாசல் கதவில் மாட்டிவிடுகிறேன், அதை நகர்த்தாமல் வெளியே போக முடியாது.

தலைவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் மேட்டுக்கு வந்து தகரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஊரே எழுந்துக்கும் போலக்கீதே" என்றார். சரி, ஓட்டிப் பார் என்றார். ஆரம்பத்தில் ஓரிரு முறை நான் தாமதித்தபோது கீழ்த் தெருவிலிருந்து, "அலமேலூ, தகரம்!" என்று குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. மழைக்காலம் கடந்தது, மோட்டார் எரியவில்லை. நோய் அப்படியேதான் இருக்கிறது. இடையில் ஒரு கை மரத்து மறுபடி டிரிப் ஏற்றிக்கொண்டு வந்தேன். நான் குணமாகிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

மாமாதான் மாறவில்லை. தகரம் சத்தம் போடும்போதே கழனியிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்ப்பார். நான் அறைக்குள் இருப்பதைக் கண்டதும், தண்ணீர் குடிக்க வந்த மாதிரி நடிப்பார். வெளியூர் கிளம்பினால் அக்கா வீட்டு வாசலுக்குப் போகாமல் பஸ் ஏற மாட்டார். நான் சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன். என் சொல்லை நம்பும் தெம்பு இன்னும் அவருக்கு வரவில்லை, அதை நான் கேட்டு வாங்க முடியாது.

போன மாதம் அவர் ஒரு கிடாக்குட்டி பார்க்கச் சந்தவாசல் போனார். மழை பிடித்துக்கொண்டது, மலைப் பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம்தான் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். இடையில் நான் இரண்டு வேளையும் மோட்டார் போட்டேன், நிறுத்தினேன், இரண்டு தெருவுக்கும் தண்ணீர் விட்டேன். அண்ணி ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே என்று எனக்கு லேசான வருத்தம். மாமா திரும்பிய அன்று காலை அண்ணியிடமே அதைக் கேட்டிருந்தேன்.

"எங்கிட்ட அவன் ஒண்ணும் சொல்லிட்டுப் போவலியே" என்றார் அண்ணி.

மாமா குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "போறப்ப மோட்டாரைப் பாத்துக்கச் சொல்லி யார்கிட்ட சொல்லிட்டுப் போன மாமா?"

கயிறு கையில் அப்படியே நின்றது. யோசித்தார். வாய் திறந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லல அலமேலு. மறந்தே பூட்டேன். அந்தக் குட்டி நெனப்புலயே ஏறிட்டேன். பஸ்லயும் தோணல, அங்கயும் தோணல... ஐயோ, மோட்டார் இன்னா ஆச்சு?"

அவர் முகத்தில் அப்படி ஒரு குற்றவுணர்ச்சி. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, வாசலில் ஆட்கள் இருந்ததால் விட்டேன். என் மருந்துகளில் எதுவும் செய்யாததை இவர் மறதி செய்துவிட்டது என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "ரெண்டு தெருவுக்கும் தண்ணி வுட்டாச்சு மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் இலை போட்டேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மாமா உட்கார்ந்து, எங்கேயும் எழுந்து ஓடாமல், ஒரே இருப்பில் சாப்பிட்டார். அப்புறம் இலையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கிறதா என்று கேட்டார்.